ரங்கூன் வீட்டுப் பத்திரம்

முத்திருளன் கீழக்குயில்குடியிலிருந்து தல்லாகுளம் வரைக்கும் நடந்தே வந்துவிட்டான். பர்மாக் காடு மலையெல்லாம் நடந்து தாண்டிய காலுக்கு இதெல்லாம் ஒரு தூரமா? ஆனாலும் அன்றைக்கு அடி ஒவ்வொன்றும் கனத்தது. இடது கைப் பெருவிரலை வழியெல்லாம் தேய்த்துக்கொண்டே வந்தான். அந்த ஒரு விரலுக்காகத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வக்கீல் வீட்டு வாசல் பெஞ்சில் பிலோமினாள் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவள், விதவை. மடியில் மெழுகுசீலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. அதற்குள் இருந்தது ரங்கூன் வீட்டின் மூலப்பத்திரம். அவளுடைய ஒரே மகன் சூசைமாணிக்கம் அங்கே மரமில்லில் கிராணியாகக் கணக்கெழுதி, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய இரண்டு அறைப் பலகை வீடு. முத்திருளன் அதே மில்லில் மரம் தூக்கியவன்.

நாற்பத்திரண்டில் குண்டு விழுந்து ஊரே கிளம்பியபோது இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். வந்து சேர்ந்தது ஒருவன்.

அந்த வீடு மட்டும் எப்படியோ குண்டுக்குத் தப்பி நின்றது. இப்போது ஒரு சீனக் கடைக்காரர் வாங்கிக்கொள்ளத் தயார். ஜனவரியில் பர்மா தனி நாடாகிவிடும், அதற்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் வீடு விற்க முடியுமோ முடியாதோ, சீக்கிரம் காகிதங்களை அனுப்புங்கள் என்று ரங்கூன் வக்கீல் எழுதியிருந்தார். மூலப்பத்திரம், வாரிசு சர்டிபிகேட், விற்பதற்கு அதிகாரம் கொடுக்கும் பவர் என மூன்று வேண்டும். டீச்சருக்கும் அவசரம்தான். மிஷன் கொடுத்திருந்த வீட்டை டிசம்பருக்குள் காலி செய்தாக வேண்டும். ரங்கூன் வீடு விற்றால்தான் இங்கே தலைக்கு மேல் சொந்தமாக ஒரு ஓடு.

வாரிசு சர்டிபிகேட் வேண்டுமென்றால் மகன் செத்ததற்கு அத்தாட்சி வேண்டும். இருப்பவனுக்கும் காகிதம் உண்டு, செத்தவனுக்கும் காகிதம் உண்டு. வழியில் தொலைந்தவனுக்கு எந்த ஆபீசிலும் ஒரு துண்டு கிடையாது. சாவைக் கண்ணால் கண்டவன் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து கைநாட்டு வைத்தால் போதும் என்றார் வக்கீல் குமாஸ்தா ஹாலாஸ்யம். அப்படித்தான் முத்திருளனுக்கு ஆள் போயிற்று.

முத்திருளன் இந்த விஷயத்தில் ஏற்கெனவே இரண்டு பொய் சொல்லியிருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், எலும்பும் தோலுமாக டீச்சர் வீட்டுப் படியேறி, இடுப்பிலிருந்து இந்தப் பொட்டலத்தை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தபோது, "கிராணி அய்யா ஆஸ்பத்திரி கேம்புல இருக்காக. பின்னாடியே வாராக" என்றான். அது முதல் பொய். போன மாசம் ஹாலாஸ்யம் கேட்டபோது, "பேதியில போயிட்டாக. நான்தான் மண்ணள்ளிப் போட்டேன்" என்றான். அது இரண்டாவது. இரண்டையும் அவள் நல்லதுக்கென்றுதான் சொன்னான். அப்படித்தான் தன் மனசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வாப்பா, வா. வாசிப்பாங்க, ஆமான்னு சொல்லிட்டு விரலை வை. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் வாயைத் தொறக்காதே" என்றபடி ஹாலாஸ்யம் முன்னால் நடந்தார்.

கோர்ட்டில் ஒரு குமாஸ்தா காகிதத்தை உரக்க வாசித்தார். "மேற்படி சூசைமாணிக்கம் என்பவர் அரக்கான் மலை வழியில் பேதி கண்டு என் கண்ணெதிரில் உயிர்விட்டார். அவரை நான் என் கையால் அடக்கம் செய்தேன்."

அடக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் டீச்சர் கண்ணை மூடி, நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் முகம் இளகிப்போனதை முத்திருளன் பார்த்தான். ஐந்து வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவன் பார்த்ததில்லை. அதை அவனால் தாங்க முடியவில்லை.

மைப்பெட்டியை அவன் பக்கம் தள்ளினார்கள். விரலை மடக்கிக்கொண்டான்.

"அய்யா, நான் அடக்கம் பண்ணலைங்க."

"பின்னே யார் பண்ணினது?" என்றார் மாஜிஸ்திரேட்.

"யாரும் பண்ணலைங்க. உசுரு இருந்துச்சு. எந்திரிக்க முடியல. ஒருநாள் முழுக்கத் தூக்கிட்டு நடந்தேன். மறுநாள் எனக்கே முடியல, கூட வந்தவுக நிக்க மாட்டேன்னுட்டாக. ஒரு மரத்தடியில சாச்சு, எங்கிட்ட இருந்த தண்ணிக் குப்பியப் பக்கத்துல வச்சேன். மடியில இருந்த பத்திரத்தை எடுத்துக் குடுத்து, அம்மாட்ட சேத்துருன்னாக. கடுதாசியத் தூக்கிட்டு வந்தேங்க. ஆளை விட்டுட்டு வந்துட்டேன்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். செத்ததைப் பார்த்த சாட்சி இல்லை, ஏழு வருஷம் தகவலே இல்லாமல் போனால்தான் சட்டம் ஒருவரை இறந்தவராகக் கொள்ளும், இன்னும் இரண்டு வருஷம் கழித்து வாருங்கள் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் ஹாலாஸ்யம் பொரிந்து தள்ளினார். "ஒரு கைநாட்டுப்பா! அதை வச்சுட்டு அப்புறம் அழுதிருக்கப்படாதா? இரண்டு வருஷம் அந்தச் சீனாக்காரன் காத்துண்டிருப்பானா? இந்த வயசில் டீச்சரம்மா எங்கே போவா?" அவர் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. முத்திருளன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். ரங்கூன் வீடும் போயிற்று, டீச்சர் வீட்டு வாசல் மிதிக்கிற யோக்கியதையும் போயிற்று என்று அவனுக்குத் தோன்றியது.

டீச்சர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தாள்.

"குப்பியில தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"முக்கால் இருந்துச்சும்மா."

"ஒனக்கு?"

அவன் இல்லையென்று தலையை அசைத்தான்.

"பின்னாடி வாரவன் பத்திரத்தை எதுக்குய்யா முன்னாடி குடுத்து விடுறான்? நீ படியேறி வந்து இதை அவுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீயா சொல்றவரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்." மடியிலிருந்த பொட்டலத்தைக் கையால் அழுத்தினாள். "மண்ணாச்சும் நீ போட்டிருப்பேன்னு நெனச்சேன் முத்திருளா. அது ஒண்ணைத்தான் நெனச்சு அஞ்சு வருசமா தூங்கினேன்."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. தேற்ற அவளுக்கு அப்போது மனசு வரவில்லை. எழுந்து தனியாகவே நடந்து போனாள்.

சீனக் கடைக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். டீச்சர் ஒரு வாடகை அறைக்கு முன்பணம் கொடுத்தாள்.

அக்டோபர் கடைசியில் கீழக்குயில்குடிக்கு அவளிடமிருந்து ஆள் வந்தது. ரெண்டாம் தேதி காலையில் கல்லறைத் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தாள்.

அன்று கல்லறைத் திருநாள். இரவெல்லாம் பெய்த மழையில் தோட்டம் சேறாகிக் கிடந்தது. அவரவர் தம் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடல் கடந்தும் தூர தேசத்திலும் செத்தவர்களுக்கு நடுவிலிருந்த பெரிய சிலுவையின் அடியில்தான் விளக்கு. டீச்சர் அங்கே நின்றிருந்தாள். பூசையில் வாசிப்பதற்காகக் கொடுத்த மரித்தோர் பட்டியலில், அந்த வருஷம்தான் முதல்முறையாக மகன் பெயரை எழுதியிருந்தாள்.

முத்திருளன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளியே நின்றான்.

"பக்கத்துல வாய்யா" என்றாள். "அங்க போடாததை இங்க போடு."

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. குனிந்து ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளினான். சிலுவையின் அடியில் போட்டான். "கிராணி அய்யா" என்று ஒரு தரம் கூப்பிட்டான். டீச்சர் முழங்காலிட்டு, அவன் போட்ட மண்ணைக் கையால் தட்டிச் சமன் செய்தாள்.