இழுத்து வைத்த ஸ்பிரிங்

தருமன் தன் ஏர்கன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தறி நின்றுவிடும். "லைசென்ஸ் வேணாம், மருந்து வேணாம். மடிச்சி ஒரு இழுப்பு, ஒரு குண்டு. அவ்ளோதான்" என்பான். அது தாத்தா காலத்துத் துப்பாக்கி என்பதையோ, ஒவ்வொரு குண்டுக்கும் மடித்து இழுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் என்பதையோ சொல்லமாட்டான். ஆடி வெள்ளிகளில் படவேட்டு அம்மன் கோயிலுக்குக் கூட்டம் போகும் வழியில், சந்தவாசலில், பலூன் பலகை நட்டுக் கடை போடுவான். மற்ற மாதங்களில் அது தறிக்கு மேலே ஆணியில் தொங்கும். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவன் மனைவி பாஞ்சாலை ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றுவாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அதை அவள் கையில் கொடுத்ததில்லை.

"நீ தொடாத. வெரலு நசுங்கிடும்."

அமலியின் கையில் மட்டும் கொடுத்தான்.

அமலி ஆரணி மார்க்கெட் பக்கம் ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். அப்பா இறந்த பிறகு அவளே கடையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டவ் பம்புக்குப் போடும் தோல் வாஷரைச் சீவி ஏர்கன்னுக்கும் போட்டுவிடுவாள். எழுபத்தொன்பதில், ஆனி மாதம், தருமனோடு பாஞ்சாலையும் போயிருந்தாள்.

"எண்ணெ ஒரு சொட்டுக்கு மேல உடாதீங்கண்ணா, பொகையும். இழுத்தது இழுத்தபடி வெக்காதீங்க, ஸ்பிரிங் செத்துடும். குண்டு இல்லாம சுடாதீங்க, தோலு நசுங்கிடும்."

"புள்ள பெத்தவளுக்குக்கூட இவ்ளோ பத்தியம் இல்லம்மா!" தருமன் சிரித்தான்.

"அப்பறம், இறுக்கிப் புடிக்காதீங்க. அது முன்னயும் பின்னயும் உதறும். அதும்பாட்டுக்கு உட்டாதான் குறி நிக்கும்."

சொல்லிக்கொண்டே அவனுடைய இடது கையை இரண்டு விரலால் துப்பாக்கியின் அடியில் தள்ளி வைத்தாள். இரண்டே விரல். பாஞ்சாலை அந்த விரல்களையே பார்த்தாள். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? தன்னிடம் பேசும்போது இவன் இப்படிச் சிரித்தது எப்போது?

மறுநாள் அவன் சேலை கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போனதும், துப்பாக்கியை எடுத்து முழங்காலில் அழுத்தி, பல்லைக் கடித்து மடித்தாள். உள்ளே கட்டென்று மாட்டிக்கொண்டது. நிமிர்த்தி, பழையபடி ஆணியில் தொங்கவிட்டாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தார் சுற்றும்போது தலைக்கு மேல் அது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். அவளும் அப்படித்தான் இருந்தாள்.

முதல் ஆடி வெள்ளியன்று அவன் குளிக்கப் போனபோது, முனையை நெல் மூட்டையில் பதித்துக் குண்டில்லாமலே விசையை இழுத்தாள். டொப்பென்றது. துப்பாக்கி செத்தால் அந்தக் கடைக்குப் போகிற வேலையே இல்லை. அவ்வளவுதான் அவள் நினைத்தது.

சந்தவாசலில் குண்டு பலூனில் பட்டு, வழுக்கிக் கீழே விழுந்தது.

"யோவ், பலூனுக்குக் கிச்சுகிச்சு மூட்டிகினு இருக்குதுயா உன் துப்பாக்கி!"

"வாயால ஊதியே ஒடச்சிடலாம்பா!"

தருமன் மத்தியானமே கடையைச் சுருட்டினான். அவன் முகத்தைப் பார்க்கப் பாஞ்சாலைக்குப் பாவமாக இருந்தது. பாவத்துக்கு அடியில் ஒரு குளிர்ச்சியும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் துப்பாக்கியைத் துணியில் சுற்றினான்.

"எங்க?"

"வேற எங்க? அமலிகிட்டதான்."

அந்தக் கடைக்கு அவனை அனுப்பியதே தான்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அமலி பழைய ஸ்பிரிங்கை உருவிப் புதியதன் பக்கத்தில் வைத்தாள். குட்டையாகிக் கிடந்தது. வாஷர் நசுங்கித் தட்டையாகியிருந்தது.

"நான் ஒண்ணும் பண்லியேம்மா! நீ சொன்னபடிதான வெச்சிருந்தேன்?"

அமலி நிமிர்ந்தாள். தருமனைப் பார்க்கவில்லை. பாஞ்சாலையைப் பார்த்தாள். பாஞ்சாலை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பழசாயிடுச்சுண்ணா, அவ்ளோதான். அண்ணி, தண்ணி குடிக்கிறீங்களா?"

காட்டிக் கொடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இப்போது அவளை வெறுப்பதற்கே அவளிடம் அனுமதி கேட்கவேண்டும்போல் ஆகிவிட்டது.

புது ஸ்பிரிங் போட்டதும் தருமன் கடைக்குப் பின்னால் போய்ச் சுட்டுப் பார்த்தான். சுவர்மேல் இருந்த துருப்பிடித்த டப்பா எகிறி விழுந்தது. அதை எடுத்து மறுபடி வைத்தான். மடித்துக் குண்டு போட்டு, சந்தோஷத்தில் துப்பாக்கியைப் பாஞ்சாலை பக்கம் நீட்டினான்.

"இந்தா, நீ ஒண்ணு சுடு."

இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். வாங்கித் தோளில் வைத்தாள். அவன் அவளுடைய இடது கையை இரண்டு விரலால் அடியில் தள்ளி வைத்தான்.

"இறுக்கிப் புடிக்காத பாஞ்சால. அதும்பாட்டுக்கு உடு."

குரல் மட்டும்தான் அவனுடையது.

பாஞ்சாலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். குண்டு டப்பாவுக்கு வெகு கீழே பட்டுச் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"சொன்னேன் இல்ல?" என்றான்.

"இன்னொரு குண்டு போடு" என்றாள் அவள்.