நூற்று நாற்பத்து மூன்று ஒப்புதல்கள்

அலுவலகத்தில் அவளுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். யார் எதற்குள் நுழையலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருப்பது அவள் வேலை. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டாள். "பூட்டுதான். சாவியை வச்சுட்டுப் போங்க" என்பாள்.

அந்தக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மருந்துப் பம்ப் செய்து கொடுத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நோயாளியின் உடம்புக்குள் அளந்து அளந்து மருந்தை ஏற்றும் சின்னப் பெட்டி. அதை ஓட்டும் கம்ப்யூட்டர் நிரல் முழுக்க ஒரே தளத்தில் இருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது பம்புக்குள் போகும். உயிர் விஷயம் என்பதால் அந்த விதியில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது.

இத்தனை வருஷமாக அந்தத் தளத்துக்கு மட்டும் தனிப் பாஸ்வேர்டு. அதை அலுவலகப் பொது லாகினோடு இணைத்து, கூடவே போனுக்கு வரும் ஓடிபியையும் கேட்க வைப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. போன மாதமே எல்லோரும் அந்தத் தளத்தில் அவரவர் கணக்கில் போன் நம்பரைப் பதிந்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை பத்தரைக்கு இணைப்பைப் போட்டாள். அறுபத்தொரு கணக்கு. அறுபது மளமளவென்று சேர்ந்துகொண்டது. ஒன்று மட்டும், 'இப்படி ஓர் ஊழியர் இல்லை' என்று நின்றது.

தாடியின் கணக்கு.

தாடி என்பதும் பட்டப்பெயர்தான். மூன்றாவது மாடியில் பம்ப் குழுவில் இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். இவளும் போய் மாலை வைத்துவிட்டு வந்தாள். அலுவலக லாகினை அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். இது தனிக் கணக்கு என்பதால் யார் கண்ணிலும் படவில்லை போல என்று நினைத்து, மூடுவதற்கு மௌஸை நகர்த்தினாள். பக்கத்தில் கடைசியாகப் பயன்படுத்திய நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை, மாலை நாலு இருபது.

திருடன் என்றுதான் முதலில் நினைத்தாள். யாரோ வெளியாள் செத்தவர் பாஸ்வேர்டைக் களவாடி உள்ளே உலாத்துகிறான். அவசர அவசரமாகப் பதிவுகளைத் திறந்தாள். வந்த இடம் வெளியில் இல்லை. இதே கட்டடம், மூன்றாவது மாடி. எதையும் திருடவுமில்லை. தாடி இந்த இரண்டு வருஷமும் ஒப்புதல் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். நூற்று நாற்பத்து மூன்று ஒப்புதல். அத்தனையும் ஒரே ஆள் எழுதிய நிரலுக்கு.

அந்த ஆள் அவளுடைய அத்தான். அக்காவின் கணவர். பம்ப் குழுவின் தலைவர். இந்த வேலைக்கு இவளைச் சிபாரிசு செய்தவரும் அவர்தான்.

இருக்காது, இருக்கவே இருக்காது என்று தாடியின் கணக்கில் பதிந்த போன் நம்பரைப் பார்த்தாள். கடைசி நாலு எண்தான் தெரிந்தது. அதுவே போதும். ஹாஸ்டலில் இருந்தபோது தினமும் அடித்த நம்பர். அக்காவின் பழைய சிம்.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினாள்.

அத்தான் கண்ணாடி அறையில் தனியாக இருந்தார். இவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கதவைச் சாத்தும்மா" என்றார்.

"தாடி கணக்கு, அத்தான்."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் தேவலை என்று பட்டது அவளுக்கு.

"ஆஸ்பத்திரியில இருந்தப்போ அவனே குடுத்த பாஸ்வேர்டு. அவன் போனதும் வேற ஆள் கேட்டேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு இழுத்தாங்க. அவசரமா ஒரு திருத்தம் போகணும். படிச்சு ஒப்புதல் குடுக்க ஆளில்லை. ஒரே ஒரு தடவைன்னு..."

"நூத்தி நாப்பத்தி மூணு."

அவர் எண்ணியிருக்கவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சிம் எங்க இருக்குன்னே அவளுக்குத் தெரியாது." குரலைத் தாழ்த்தினார். "கணக்கு லிஸ்ட் உன் கையிலதானே இருக்கு? அவன் கணக்கைச் சத்தமில்லாம எடுத்துடேன். இனிமே நடக்காது. உன் அக்கா முகத்தை நினைச்சுப் பாரும்மா."

அவள் நினைத்தது வேறு. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ கண்ணை மூடிக் கிடக்கும் யாரோ ஒருவரை, அந்தத் தலைமாட்டில் மினுக் மினுக்கென்று எரியும் பெட்டியை.

"நான் மேடம்கிட்ட போறேன் அத்தான். நீங்களும் வந்தா நல்லது."

அவர் வரவில்லை.

நிர்வாகி மேடம் முழுதும் கேட்டார். "எல்லாத்தையும் பிரின்ட் எடு" என்றார். பிரின்டர் பக்கத்தில் நின்றபடி தாள்களைப் புரட்டினாள். அங்கேதான் இன்னொரு இடி விழுந்தது.

தாடி வெறும் ஒப்புதல் மட்டும் கொடுக்கவில்லை. பதினோரு இடத்தில் மறுத்திருந்தார். 'டேய், ட்யூப்ல அடைப்பு வந்தா இது என்ன பண்ணும்னு யோசிச்சியா? தூங்கிட்டே எழுதினியா?' என்று திட்டியிருந்தார். அதற்குக் கீழே அத்தான், 'சரிடா, மாத்திட்டேன்' என்று பதில் போட்டிருந்தார். அசல் தாடியின் பேச்சு. செத்துப்போன சிநேகிதனாக உட்கார்ந்து தன்னைத் தானே திட்டி, தானே திருத்தியிருக்கிறார் மனுஷன். கோபப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதம் போனது. வெளியிலிருந்து நாலு பேரை வரவழைத்து மூன்று வாரம் எல்லாவற்றையும் மறுபடி படித்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு சரியாக இருந்தது. ஒன்றில் பிழை: பேட்டரி தீரப் போகும்போது அடிக்க வேண்டிய மணி ஆறு நிமிஷம் தாமதமாக அடிக்கும். தாடி எதுவும் எழுதாமல் வெறும் ஒப்புதல் கொடுத்த இடம் அது. யாருக்கும் எதுவும் ஆனதாகத் தகவல் இல்லை. பம்புகளைத் திருத்தினார்கள். அத்தானின் வேலை போயிற்று.

அக்கா போனை எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவளே நேரில் போய் நின்றாள்.

"என்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி" என்றாள் அக்கா, வாசலிலேயே வைத்து.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அக்கா யோசித்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"உன் காலைப் பிடிச்சிருப்பேன். விட்டுடுன்னு கெஞ்சியிருப்பேன்."

"அப்போ நான் விட்டுருப்பேன்க்கா" என்றாள் இவள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று உறைத்தது.

அக்கா உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. இவள் செருப்பைக் கழற்றினாள்.