முன்கண்ணாடி

சனிக்கிழமை காலை டப்பாவைத் திறந்தபோது காரின் முன்கண்ணாடி வெள்ளையாக இருந்தது.

முதலில் ஈரம் என்று நினைத்தேன். ஜூலை மாதம். காளிகாட்டில் எங்கள் வீட்டுச் சுவரே வியர்க்கும். பஞ்சுக் குச்சியால் ஓரத்தில் லேசாக ஒற்றிப் பார்த்தேன். போகவில்லை.

கார் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அறுபதுகளில் ஜப்பானில் ஓடிய இரண்டு கதவு காரின் பிளாஸ்டிக் மாடல், அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. நூற்று முப்பது பாகங்களாகப் பெட்டியில் வரும். ஒவ்வொன்றையும் வெட்டி, தேய்த்து, வண்ணம் பூசி ஒட்ட வேண்டும். இந்த மாடலை இப்போது தயாரிப்பதில்லை. ஒரு பாகம் கெட்டால் வேறு வாங்க வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேல், கார் என்னுடையது இல்லை.

கல்கத்தாவில் மாடல் செய்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். வருடத்துக்கு இப்படி ஒரு கிட் பெட்டி எங்களுக்குள் சுற்றும். ஒருவருக்கு ஒரு மாதம், ஒரு வேலை. மாதக் கடைசி ஞாயிறு பெட்டி கை மாறும். கடைசியில் கார் யார் வாங்கினார்களோ அவர்களுக்கே போகும்.

இந்த வருடம் வாங்கியது சத்யப்ரியாக்கா. கஸ்டம்ஸில் வேலை, கிடர்பூரில் குவார்ட்டர்ஸ். ஏப்ரலில் அவர் பாகங்களை எண்ணிச் சரிபார்த்து, வெட்டித் தேய்த்தார். மே மாதம் சாந்த்ராகாச்சியில் இருக்கும் ராஜாராமன் சார் இன்ஜினும் சக்கரங்களும் செய்தார். ஜூனில் வருண் வண்ணம் அடித்தான். அடர்ந்த பச்சை. குளத்து நீர் மாதிரி ஆழமாக இருந்தது. ஜூலை என்னுடையது: தெளிந்த பிளாஸ்டிக்கில் வரும் கண்ணாடிகள், விளக்குகள், கடைசிப் பொருத்தல்.

பெட்டியின் மூடியில் சத்யாக்கா மார்க்கரால் எழுதியிருந்தார். “கண்ணாடி பாகங்களை வெறுங்கையால் தொடாதீர்கள். தொட்டால் தெரியும்.”

போன மாதம் அவருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை லாரி. ஞாயிறு மாலை நான் காரைக் கொடுக்க வேண்டும். சாமானோடு ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலைதான் தவறு நடந்தது. முன்கண்ணாடியை முறைப்படி வெள்ளைப் பசையால் ஒட்டி முடித்திருந்தேன். அது தண்ணீரில் கரையும், பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. பிறகு கதவோரம் இருக்கும், பின்னால் பார்க்கும் கண்ணாடியின் காம்பு முறிந்தது. அதற்கு வெள்ளைப் பசை பிடிக்காது. ஊசி முனையில் ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்தேன். அதுவரை சரிதான். அதைக் காற்றாட விட்டிருக்க வேண்டும். அம்மா சாம்பார் பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். வண்ணத்தில் புகை படியுமே என்று காரைக் காற்றுப் புகாத பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

சூப்பர் குளூவின் ஆவி வெளியே போக வழியில்லாவிட்டால் ஈரம் இருக்கும் இடத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். பி.எஸ்ஸி. இரண்டாம் வருடத் தேர்வில் இதை எழுதியிருக்கிறேன். ஐந்துக்கு ஐந்து போட்டார்கள்.

ஈரத் தூரிகையால் வெள்ளைப் பசையைக் கரைத்து முன்கண்ணாடியைத் தனியே எடுத்தேன். மற்ற கண்ணாடிகள் இன்னும் பையில் இருந்ததால் தப்பித்தன. ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். மங்கல் எங்கும் ஒரே மாதிரி இல்லை. உள்பக்கம், இடது மேல் மூலையில் தெளிவாக ஒரு விரல் ரேகை. சுழி. அதன் நடுவே சாய்வாக ஒரு மெல்லிய கோடு.

போலீஸ் ஆய்வகங்களில் இப்படித்தான் ரேகை எடுப்பார்கள். மூடிய பெட்டி, அதே பசை, அதே ஆவி. விரல் விட்டுப்போன எண்ணெயும் வியர்வையும் இருக்கும் இடத்தில் வெள்ளை அதிகமாகப் பிடிக்கும். தேர்வில் வந்த அந்தக் கேள்வியின் இரண்டாம் பாதி அது.

லென்ஸை வைத்து என் பத்து விரல்களையும் பார்த்தேன். எதிலும் அந்தக் கோடு இல்லை. நான் கையுறை இல்லாமல் தொட்டதும் இல்லை. கண்ணாடிப் பை டேப் ஒட்டி வந்ததால் யாரும் தொடவில்லை என்று நம்பி, கழுவாமலே பொருத்தியிருந்தேன்.

“என்னடி, இட்லி அப்படியே இருக்கு?” என்றாள் அம்மா.

“பசிக்கலம்மா.”

“அந்தக் காரா? ஒடைஞ்சுபோச்சா?”

“கண்ணாடி மங்கிடுச்சு.”

“தொடைச்சா போச்சு.”

“அப்படித் தொடைக்க முடியாதும்மா.”

“அப்ப சத்யாகிட்ட சொல்லிடு. ஒரு போனப் போடு.”

“போன்லயா?”

“நீ போன்லயும் பேச மாட்டே, நேர்லயும் பேச மாட்டே. பின்ன புறா விடப் போறியா?”

நால்வரின் குழுவில் எழுத ஆரம்பித்தேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். நான்காவது முறை அழித்தபோது வருணின் செய்தி வந்தது. “மஹிமா அரை மணி நேரமா டைப் பண்றா. பெரிய நாவல் வருது, எல்லாரும் உக்காருங்க.” போனை அணைத்துவிட்டேன்.

பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் கண்ணாடிச் சட்டம் என்னிடம் இருந்தது. அதில் ஒரு துண்டை ஒரு சொட்டு சூப்பர் குளூவோடு வைத்து, டம்ளரைக் கவிழ்த்து மூடினேன். மதியத்துக்குள் வெளுத்தது. வெள்ளைப் பற்பசையைப் பஞ்சில் தொட்டு ஐந்து நிமிடம் தேய்த்தேன். தெளிந்தது.

ஆக, வழி இருந்தது. ஆனால் சட்டம் கனமானது. முன்கண்ணாடி நகம் அளவு மெல்லியது, வளைந்தது. அழுத்தினால் விரிசல் விடலாம். பஞ்சைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தேன். ஒரு தவறைத் தனியாகச் செய்தாகிவிட்டது. இதையும் கேட்காமல் செய்து உடைந்தால் என்ன சொல்வேன்? சரியாகிவிட்டால் யாருக்குமே தெரியாது என்பதும் தோன்றியது. அது இன்னும் பயமாக இருந்தது. அவர் காரை மடியில் வைத்திருக்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும்.

மற்ற கண்ணாடிகளைக் கழுவிப் பொருத்தினேன். முன்கண்ணாடியைத் தாளில் பொதிந்து தனியே வைத்தேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஹாஸ்ரா நாற்சந்தியில் பஸ் ஏறினேன். மடியில் பிஸ்கட் டப்பாவுக்குள் கார். காலடியில் காலியான கிட் பெட்டி, அம்மா கொடுத்த புளியோதரைத் தூக்கு. பாத்திரமெல்லாம் கட்டியிருப்பார்கள், பாவம், என்ன சாப்பிடுவார்கள் என்று செய்தது. மூன்று வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். சத்யாக்கா, முன்கண்ணாடிய நான் கெடுத்துட்டேன். தேய்ச்சா சரியாகும். உங்ககிட்ட கேக்காம தேய்க்க வேணாம்னு விட்டுட்டேன். மிருகக்காட்சி சாலையைத் தாண்டும்போது மூன்றாவது மறந்துவிட்டது. இறங்கும்போது இரண்டாவதும்.

மூன்றாவது மாடி. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். வருண் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். ராஜாராமன் சார் இன்னொன்றுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“வா வா. நாவல் முடிஞ்சுதா?” என்றான் வருண்.

சத்யாக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து டப்பாவைத் திறந்தார். காரை இரண்டு கையாலும் எடுத்தார். “அடடா, என்ன பச்சைடா வருண்!” என்றார். திருப்பினார். நின்றார். “முன்கண்ணாடி எங்க?”

முதல் வாக்கியமும் போய்விட்டது. தாள் பொட்டலத்தை நீட்டினேன்.

“நான்தான்” என்றேன்.

“என்ன நீதான்?”

“சூப்பர் குளூ. டப்பால மூடி வெச்சுட்டேன்.”

“மூடி வெச்சியா?” வருண் எழுந்தான். “கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. படிச்சுட்டு?”

“பி.எஸ்ஸி.தான்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சத்யாக்கா கையுறை மாட்டிக்கொண்டு கண்ணாடியை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. அது நின்றும் அவர் திரும்பவில்லை.

“இதுல ஒரு ரேகை இருக்கு” என்றார்.

என் காது சூடானது.

“மஹிமா, உன்னோடதா?”

ஆமாம் என்றால் உடனே முடிந்துவிடும் என்று தோன்றியது. “இல்லக்கா. எல்லா வெரலும் பாத்துட்டேன்.”

“அப்ப ஏன் மொதல்லயே சொல்லல?”

“அது வேற தப்பு. நான் பண்ணது வேற.”

சத்யாக்கா மேஜையிலிருந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்தார். பெட்டிகளுக்கு எண் குத்த வைத்திருந்தது. “வருண், கையக் காட்டு.”

“அட போங்கக்கா! ரெய்டா? ஜூன் பூரா நான் கிளவ்ஸ்லதான் இருந்தேன். வேர்க்குரு வந்து எங்கம்மா பவுடர் போட்டுவிட்டாங்க.”

“காட்டுடா.”

பழைய பேப்பரில் வருணின் கட்டைவிரல் பதிந்தது. லென்ஸ் கை மாறியது. சுழி இல்லை. அடுத்து ராஜாராமன் சார்.

“முப்பது வருஷம் ரயில்வேல கையெழுத்துப் போட்டவன்மா நான். கடைசில கைநாட்டு வெக்க வெச்சுட்டியே” என்றார். வைத்தார். சுழி இருந்தது, கோடு இல்லை. இருவரின் மற்ற விரல்களும் பதிந்தன. என்னுடையவையும். பேப்பரில் இடம் தீர்ந்து பக்கத்தைத் திருப்பினோம்.

“ஒரு கை பாக்கி இருக்கே அக்கா” என்றான் வருண்.

“நானா?” சத்யாக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றி வலது கட்டைவிரலை அழுத்தினார். பேப்பரைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி பேப்பரை. சுழியின் நடுவே சாய்வாக ஒரு கோடு. இரண்டு வருடம் முன்பு பாகம் வெட்டும்போது கத்தி வழுக்கிய தழும்பு.

“ஏப்ரல்ல...” என்று மெல்ல ஆரம்பித்தார். “எண்ணிப் பாக்கறப்ப பை கிழிஞ்சு இது கீழ விழப் பாத்துச்சு. லபக்குனு புடிச்சேன். அப்பறம் டேப் போட்டு ஒட்டிட்டேன்.”

வருண் கிட் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்து, செய்தி வாசிப்பவர் குரலில் படித்தான். “தொட்டால் தெரியும்.”

ராஜாராமன் சார்தான் முதலில் சிரித்தார். கயிறு கையிலிருந்து நழுவி அவர் கட்டிய முடிச்சு பாதியில் அவிழ்ந்தது. சத்யாக்கா முகத்தை மூடிக்கொண்டு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். விரலில் இருந்த மை நெற்றியில் ஒட்டியது. அதைப் பார்த்து நானும் சிரித்தேன்.

“சரி, இது போகுமா?” என்றார் சத்யாக்கா.

“போகும். வெள்ளைப் பேஸ்ட் வேணும். ஜெல் ஆகாது.”

“விரிஞ்சுட்டா?”

“விரியலாம்” என்றேன். “சட்டத்துல செஞ்சு பாத்தேன், சரியாச்சு. இது மெல்லிசு. அதான் கேக்காம தேய்க்கல.”

மூன்றாவது வாக்கியம் தானே வந்துவிட்டது. அவர் ரயிலுக்கு எடுத்துவைத்த பையிலிருந்து பற்பசையைக் கொண்டுவந்தார். “தேய். போனா ரெண்டு பேரு தப்பும் சேந்து போகட்டும்.”

சமையலறை மேடையில், ஜன்னல் வெளிச்சத்தில் வேலை செய்தோம். வளைவு நசுங்காமல் இருக்க அவர் அடியில் பஞ்சு வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் சிறு வட்டங்களாகத் தேய்த்தேன். “இன்னும் கொஞ்சம் எடப்பக்கம் சாச்சுக்கோங்க” என்றேன். சாய்த்தார். “ரொம்ப அழுத்திப் பிடிக்காதீங்க.” தளர்த்தினார். கதவருகே நின்ற வருண் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சத்யாக்கா திரும்பாமலே “பேசாத” என்றார்.

இருபது நிமிடம் ஆனது. ரேகைதான் கடைசியாகப் போனது. முதலில் வெளிவட்டங்கள், பிறகு நடுச்சுழி. கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது எதிர் மாடியில் காயும் வேட்டியும் அதன் கரையும் தெரிந்தன. விரிசல் இல்லை.

வெள்ளைப் பசை தடவிப் பொருத்தினேன். உள்ளே ராஜாராமன் சார் செய்த ஸ்டீயரிங், வேகமானியின் வெள்ளை முள் வரை தெரிந்தது. சத்யாக்கா காரை ஜன்னல் திட்டில் வைத்தார். டப்பா திறந்தே இருந்தது. அதன் மூடியை வருண் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டான். “இனிமே இது என் கஸ்டடி.”

தட்டெல்லாம் பெட்டிக்குள் போயிருந்தது. பேப்பரை விரித்து அதில் புளியோதரையைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம்.

“அடுத்த வருஷம் சுத்து இருக்கா?” என்று கேட்டார் ராஜாராமன் சார்.

“இல்லாம? வைசாக்லேருந்து கூரியர்ல அனுப்பறேன்.”

“கண்ணாடி யாருக்கு?” என்றான் வருண்.

சத்யாக்கா எனக்கு இன்னொரு பிடி வைத்தார். “அவளுக்குத்தான். வேற யாரு?”

வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினேன்.

“மெதுவா சாப்டுமா” என்றார் ராஜாராமன் சார்.

“நேத்து காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல சார்” என்று சொல்லிவிட்டு, அடியில் நிலக்கடலை மிச்சம் இருக்கிறதா என்று தூக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.