மருந்து குடித்த பெண்

எங்கள் அம்மாவுக்கு மானம்தான் உயிர். அது யாருடைய உயிர் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

என் தங்கை சண்முகவடிவைப் பெண் பார்க்கச் சாத்தான்குளத்திலிருந்து ஒரு கடைக்காரக் குடும்பம் ஓட்டப்பிடாரம் வந்திருந்தது. காப்பித் தட்டோடு வந்தவள், வாயில் எச்சில் வழிய, அவர்கள் காலடியிலேயே விழுந்தாள். அவர்கள் காரிலேயே தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது. பருத்திக்கு அடிக்கிற பூச்சி மருந்து என்றார் டாக்டர் ரோஸ். வயிற்றைக் கழுவி ஊசி போட்டார்கள்.

"பையனப் பிடிக்கலன்னா சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா. மருந்தக் குடிச்சு எங்க தலையில பழியப் போடணுமாக்கும்?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

எங்கள் அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குத் தங்கை மேல் பற்றிக்கொண்டு வந்தது. சண்டாளி, எவனை நினைத்துக் குடித்தாளோ என்று நானும்தான் திட்டினேன்.

மறுநாள் காலை டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். பழி தங்கள் மேல் விழுமோ என்று ஊருக்குப் போகாமல் அங்கேயே இருந்த மாப்பிள்ளையின் அம்மாவும் கூடவே வந்தாள்.

"ரத்தத்துல ஒரு என்சைம் இருக்கு. பூச்சி மருந்து உடம்புல ஏற ஏற அது குறையும். நேத்தே ரொம்பக் குறைவு. வயித்தக் கழுவி மருந்து கொடுத்த பிறகும் இன்னைக்கு இன்னும் இறங்கியிருக்கு. வேற எங்கிருந்தோ விஷம் உள்ள போய்க்கிட்டே இருக்கு. தெரிஞ்சா சொல்லுங்க. இப்படியே போனா பிள்ள பிழைக்காது."

அம்மா மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

"எம்மா, வாயத் தொறந்து சொல்லேன்!" என்று கத்திவிட்டேன்.

"தலையில..." என்றாள். "பேன் மொய்ச்சுக் கெடந்துச்சு டாக்டரம்மா. பொண்ணு பாக்க வாரவுக முன்னால சொறிஞ்சா மானம் போயிருமேன்னு, பருத்தி மருந்தத் தேங்காண்ணெயில கொழைச்சுத் தேச்சு, இறுக்கிப் பின்னிவிட்டேன்."

ஐயோ! அந்தப் பின்னலில் மல்லிகைப்பூ வைத்துவிட்டவள் நான். பூ வாசத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பேனுக்கா?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்து தள்ளிப்போய் நின்றாள். அம்மா கூனிக் குறுகிப் போனாள். நர்ஸ் தங்கைக்கு மொட்டையடித்து, சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அதன் பிறகுதான் ரத்தத்தில் அந்த என்சைம் ஏறத் தொடங்கியது. தங்கைக்கு நினைவு திரும்பிற்று. தலையைத் தடவிப் பார்த்தாள், அழவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மருந்து குடிச்ச பிள்ள முழிச்சிட்டா போல," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

அம்மா கஞ்சித் தம்ளரை நீட்டினாள். தங்கை வாங்கவில்லை.

"நான் குடிச்சேன்னு அவுக சொல்லும்போது, நீயும் அங்கனதான இருந்த?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இருந்தேன்," என்றாள் அம்மா.