வீட்டில் இருந்த ஒற்றை வாக்கு

மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்த சுஜீவாவின் கையைச் சீப்போடு சேர்த்துப் பிடித்து, அந்தத் தலையின் மேலேயே வைத்தான் கணவன் சுபாங்கன்.

“பிள்ளையில சத்தியம் பண்ணும். நோ எண்டுதான் எழுதுவன் எண்டு சொல்லும்.”

ஆறு வயதுத் தாரிணி கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

அன்றைக்கு அவர்கள் வந்து குடியேறிய நாடு முழுக்க வாக்கெடுப்பு. பூர்வகுடி மக்களின் குரலை நாடாளுமன்றத்துக்குச் சொல்ல ஓர் அவை வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதலாமா, கூடாதா? யெஸ் அல்லது நோ, அவ்வளவுதான். வீட்டில் வாக்கு இருந்தது சுஜீவாவுக்கு மட்டும். படிக்கவென்று விமானத்தில் வந்தவள், நர்ஸ் வேலை எடுத்து, போன வருடம் குடியுரிமையும் எடுத்துவிட்டாள். சுபாங்கன் படகில் வந்தவன். பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் தொங்கி, இந்த வருடம்தான் நிரந்தர விசா கிடைத்தது. குடியுரிமை எப்போது வருமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அதனால் இருக்கிற ஒற்றை வாக்கு இரண்டு பேருக்கும் பொது என்பது அவனுடைய நியாயம்.

“இத்தினை வருஷம் நான் கத்தினதை ஒருத்தன் கேட்டவனே? இப்ப மற்றவைக்கு மட்டும் என்னத்துக்குக் குரல்?”

“கேக்காம விட்டா எப்பிடி இருக்கும் எண்டு உங்களை விட ஆருக்குத் தெரியும்?”

சொல்லியிருக்கக் கூடாது. அவன் கண் கலங்கிவிட்டது. சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்குப் போட்டிருப்பாள். அழுகிற மனுசனை என்ன செய்வது? “ஓம், சத்தியம்” என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுநிமிடமே, சீ, நானும் ஒரு மனுசியா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஸ்பிரிங்வேல் பள்ளிக்கூடத்தில் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. போகாமல் இருக்கவும் வழியில்லை, அபராதம் வீடு தேடி வரும். வெறுந்தாளை மடித்துப் போட்டால் என்ன? அதுவும் சத்தியத்தை மீறியதாகத்தானே போகும்! பேய் பிசாசு, கண்ணூறு எதையும் சட்டை பண்ணாதவள் சுஜீவா. ஆனால் பிள்ளையின் தலை வேறு விஷயம். அதில் அவள் படித்த படிப்பெல்லாம் செல்லாது.

“பிள்ளை என்னோட நிக்கட்டும், நீர் போட்டு வாரும்,” என்றான் சுபாங்கன்.

அட்டைத் தடுப்புக்குள் ஒரு பென்சில், ஒரு தாள், ஒரு சின்னக் கட்டம். ஈ காக்கைக்குக்கூடத் தெரியப் போவதில்லை. ஊரில் அரசியலமைப்பை எழுதியவர்களும் திருத்தியவர்களும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று ஆயுள் முழுக்கப் புலம்பிச் செத்தவர் அவளுடைய அப்பா. இங்கே அவளைக் கேட்கிறார்கள். முதன்முதலாக, அவளை! அவள் குனிந்து யெஸ் என்று எழுதினாள். எழுதி மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். இனிக் கெஞ்சினாலும் அந்தத் தாளைத் திருப்பி எடுக்க முடியாது.

வெளியே, வாக்குப் போட வருகிறவர்களுக்குச் சோசேஜ் சுட்டு விற்கிற புகை. புரட்டாதிச் சனி விரதம் என்றபடியால் தாரிணிக்குப் பாணுக்குள் வதக்கிய வெங்காயம் மட்டும் வைத்து வாங்கிக் கொடுத்திருந்தான் சுபாங்கன். என்ன எழுதினீர் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யோ சண்டையோ வந்து முடிந்திருக்கும். சத்தியத்தை அப்படியே நம்பிவிட்டானே பாவி!

“பேப்பர் எப்பிடி இருந்தது?” என்றான்.

“சின்னப் பெட்டி ஒண்டு. அதுக்குள்ள ஒரு சொல்லு எழுதுறது.”

“பென்சிலே, பேனையே?”

“பென்சில்.”

அவன் தலையை ஆட்டினான். “நீர் எழுதினா நான் எழுதின மாதிரித்தானே.”

காற்று திரும்பிப் புகை இவர்கள் பக்கம் வந்தது. தாரிணி வாயில் பாணோடு இருமினாள்.

“புகைதான், ஒண்டுமில்லை,” என்று மகளின் முதுகைத் தடவிவிட்டான் அவன். சுஜீவா அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். அடுத்த இருமல் வருகிறதா என்று பிள்ளையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.