ஏழாவது முட்டை

“டீச்சர், முட்டையே முட்டை போட்டிருக்கு!”

வகுப்புக்குள் கால் வைத்ததும் வக்கீல் என் கையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு ஏழு வயது. எதற்கெடுத்தாலும் வாதாடுவான் என்பதால் நான் வைத்த பெயர் அது. சன்னலோர மேசையில் இருந்த அடைகாக்கும் பெட்டியை எட்டிப் பார்த்தேன். நேற்று வரை கண்ணாடி மூடிக்குள் பழுப்பு நிறத்தில் ஆறு முட்டைகள்தான். இப்போது நடுவில் வெள்ளை வெளேரென்று ஏழாவதாக ஒன்று, அழைக்காத கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் இடம் பிடித்த ஆள் மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

ஏழாவது வந்திருக்கிறது என்றால் யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். கடைசி மூன்று நாள் திறக்கவே கூடாது என்று கோழிப் பண்ணைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உள்ளே இருக்கும் ஈரம் போய்விட்டால் ஓட்டுக்கு அடியில் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளுமாம். அப்புறம் அது வெளியே வர முடியாமல் உள்ளேயே முடிந்துவிடுமாம். இதையெல்லாம் பிள்ளைகளிடம் கதையாகச் சொல்லி, மூடி மேல் சிவப்புத் தாளும் ஒட்டி, இனி ஈ எறும்பு கூட நுழையாது என்று பெருமையடித்துக்கொண்டு வேறு இருந்தேன்.

“யார் திறந்தது?”

வகுப்பில் எத்தனை விரல் உண்டோ அத்தனையும் அடுத்தவரைக் காட்டின. நண்டு மட்டும் யாரையும் காட்டாமல் மெல்ல மேசைக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தாள். வகுப்பிலேயே சின்ன உருவம். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் நான் வைத்த பெயர். நானும் குனிந்து மேசைக்கு அடியில் போனேன்.

“என்னோடதுதான் டீச்சர். அம்மா டப்பாவுல வச்சது.”

“அவிச்ச முட்டையா?”

“ம்ம். ஆனா இன்னும் உரிக்கல.” அது பெரிய சலுகை என்பது போலச் சொன்னாள். “இதுக்கும் சூடு குடுத்தா வந்துரும்ல?”

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபமும் கூடவே வந்ததால் இரண்டுக்கும் நடுவில் இருமினேன். தப்பு என் பேரில்தான். போன வாரம் அறையை இருட்டாக்கி, முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினேன். உள்ளே ஒரு நிழல் துள்ளியது. வகுப்பே “ஆ...” என்றது. அன்றிலிருந்து பாதிப் பிள்ளைகள் வீட்டில் முட்டையைத் தொடுவதில்லை. “என்ன மந்திரம் போட்டீங்க டீச்சர்? ஆம்லெட்டப் பாத்து அழறான்” என்று அம்மாக்கள் பள்ளி வாசலிலேயே என்னை மடக்கினார்கள்.

அவித்த முட்டை பொரிக்காது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? “பாக்கலாம்” என்று மழுப்பிவிட்டு வந்தேன். வெள்ளை முட்டையை எடுக்கவும் வழியில்லை; அதற்கும் மூடியைத் திறக்க வேண்டுமே. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. ஆறு உயிரையும் அநியாயமாகக் கொன்றுவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை பூட்டைத் திறக்கும்போதே கேட்டது. “கீச்.” பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடினேன். ஐந்து முட்டைகளில் கீறல், ஆறாவதில் ஒரு பொட்டு ஓட்டை! பிள்ளைகள் வந்ததும் பாடமாவது ஒன்றாவது. பெஞ்சு மேல், நாற்காலி மேல், ஒருவர் தோள் மேல் ஒருவராக ஏறிப் பெட்டியைச் சூழ்ந்தார்கள். சத்தம் போட்டால் குஞ்சு பயந்து திரும்ப உள்ளே போய்விடும் என்று வக்கீல் சட்டம் போட்டிருந்தான். எங்கள் வகுப்பிலிருந்து சத்தமே வரவில்லை என்றதும் என்ன ஆபத்தோ என்று தலைமையாசிரியை பதறியடித்து வந்தார். “எனக்கு மீட்டிங் இருக்கு, அஞ்சு நிமிஷம்தான்” என்று குட்டி நாற்காலியில் உட்கார்ந்தவர், முதல் ஓடு இரண்டாகப் பிளந்தபோது என் கையை நசுக்கினார். ஈரத்துணியைப் பிழிந்து போட்டது போல ஒன்று வெளியே விழுந்தது. எழுந்து நிற்கப் பார்த்தது. தடுக்கி, பக்கத்து முட்டை மேலேயே விழுந்தது. அதுவரை பொத்தி வைத்திருந்த சத்தம் மொத்தமும் வெடித்தது. தலைமையாசிரியைதான் முதலில் கத்தினார் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மத்தியானத்துக்குள் ஐந்து குஞ்சுகள். ஆறாவது மட்டும் காலையில் போட்ட ஓட்டையோடு மூலையில் அப்படியே கிடந்தது. “மூடியத் தொறந்ததாலதான்” என்று வக்கீல் கிசுகிசுத்தான். அவன் கிசுகிசுத்தால் அடுத்த தெருவுக்கே கேட்கும். நண்டு அவன் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெள்ளை முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துள்ளுகிற ஐந்தையும் அவள் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. இதற்கு மேல் மழுப்பினால் நான் மனுஷியே இல்லை. பக்கத்தில் மண்டியிட்டேன்.

“கண்ணு, இது வராதுடா. அவிச்சுட்டா வராது.”

அழுவாள் என்று கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். அவள் அழவில்லை.

“அப்ப உள்ள இருந்தது செத்துப்போச்சா?”

“உள்ள குஞ்சே இல்லடா. கடையில வாங்குற முட்டை வேற. அதுல வெள்ளையும் மஞ்சளும்தான் இருக்கும், எவ்ளோ சூடு குடுத்தாலும் குஞ்சு ஆகாது.”

அவள் வாய்க்குள் எதையோ கணக்குப் போட்டாள்.

“நான் தினமும் சாப்ட்டேனே... அதுல?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் இத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது வரப்போகிற ஒரு குஞ்சை இல்லை. தான் தின்று தீர்த்ததாக நினைத்த அத்தனை குஞ்சுகளையும்தான். ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“ஒண்ணுல கூட இல்ல.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

ஒரு பெரிய மூச்சு. கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. “எனக்குப் பசிக்குது டீச்சர்” என்றாள். பிறகு தன் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, முதல் தடவையாகப் பெட்டியைச் சுற்றிலும் பார்த்தாள். ஐந்து குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கண் கடைசியாக அந்த மூலைக்குப் போனது.

“டீச்சர்... ஆடுது.”

எல்லோரும் மேலே விழுந்து பார்த்தோம். ஆறாவது முட்டை ஒரு பக்கமாக உருண்டு, வெள்ளை முட்டை மேல் முட்டி நின்றது. அந்தப் பொட்டு ஓட்டை வழியாகச் சின்னதாக ஒரு மூக்கு வெளியே வந்து, காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனது. நண்டு மூச்சே விடவில்லை. வக்கீல் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். மூக்கு மறுபடி வந்தது.