கால் நிற்காத தூதன்

மாநிலம் பிறந்த நாள் விழாவில் தூதன் வேடம் போட்ட கடிகாரக்காரர், விழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றல்ல, கால் நிற்கவில்லை. அந்த வாரம் வெங்காய விலையும் ஏறியிருந்ததால் ஊரில் இதைப் பெரிதாகப் பேச ஆளில்லை.

மாநிலம் உருவான சேதியைத் தலைநகரிலிருந்து ஓடியே கொண்டுவந்த ஒருவனைப் பற்றி ஆண்டுதோறும் நாடகம் போடுவார்கள். எந்தெந்த மலை, எந்தெந்த ஆறு, எந்தெந்த ஊர் சேர்ந்து இந்த மாநிலம் ஆனது என்று கடைசிக் காட்சியில் அவன் முழுச் சேதியையும் சொல்லிவிட்டு நிற்பான். அந்த வருஷம் விழாக் குழுத் தலைவரின் வரவேற்புரை நன்றியுரையையும் தாண்டிப் போய்விட்டதால் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டார்கள். கடிகாரக்காரரிடம் சொல்லத்தான் செய்தார்கள். அவருக்குப் புரிந்தது, கால்களுக்குப் புரியவில்லை.

"ஏங்க, கடைச் சாவியையாவது குடுத்துட்டு ஓடுங்க!" என்று அவர் மனைவி வாசலில் நின்று கத்தினாள். சாவி வந்து விழுந்தது. ஆனால் இடுக்கி முனையில் கடிகாரத்துக்குள் இருக்கும் மயிரிழைச் சுருளைப் பிடிக்கிற தொழில், ஓடுகிறவருக்கு ஆகுமா? வந்தவர்கள் தங்கள் கடிகாரங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிப் போனார்கள். அவரோ கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிய, அவள் நீட்டும் சோற்றுருண்டையை ஓடியபடியே வாயில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார். இப்படியே போனால் ஆள் கரைந்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"தலைவரே, இந்த வருஷமாச்சும் கடைசிக் காட்சியைப் போடுங்க" என்று அடுத்த விழாவின்போது அவள் போய்க் கேட்டாள்.

"அதுக்கென்னம்மா, நான் நாலு வார்த்தை பேசி முடிச்சதும் போட்டுடலாம்."

நாலு வார்த்தை முடிவதற்குள் மழை வந்தது. அடுத்த வருஷம் கரண்ட் போனது. அதற்கடுத்த வருஷம் பொழுதே விடிந்துவிட்டது. கடிகாரக்காரர் தெருவில் யாரிடமாவது சேதியைச் சொல்லப் பார்ப்பார். "தெரியும் தெரியும், பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அவளும் சளைத்தவள் அல்ல. கல்யாணமான நாளிலிருந்தே அவர் எதைச் சொல்லத் தொடங்கினாலும் பாதியிலேயே வாங்கித் தானே முடித்துவைக்கிற கைராசிக்காரி. இப்போதும் "மொதல்ல நில்லுங்க, அப்புறம் பேசலாம்" என்பாள்.

ஒருநாள் அவர் வாசலைக் கடந்தபோது காலடித் தடம் மண்ணில் பதியவில்லை. அத்தனை இளைத்திருந்தார். அவள் செருப்பை உதறிவிட்டுக் கூடவே ஓடினாள்.

"சொல்லுங்க."

"எதை?"

"சேதியைத்தான். நான் நடுவுல வாயத் தொறந்தா என்னன்னு கேளுங்க."

அவர் சொன்னார். சந்தையைக் கடந்தார்கள், பாலத்தைக் கடந்தார்கள், சேதியில் ஆறுகள் முடிந்து மலைகள் வந்தன. ஒரு ஊர் சேர்ந்த மறுநாளே கோபித்துக்கொண்டு பிரிந்துபோய், கேட்பாரில்லாமல் தானே திரும்பி வந்ததையும் சொன்னார். அடுப்பில் பால் பொங்கியிருக்குமே என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது, கடித்துக்கொண்டாள். மருந்துக்கடை முன்னால் சேதி முடிந்தது. அவர் நின்றார். "அப்பாடா" என்று தரையிலேயே உட்கார்ந்தார்.

இப்போது அவள் கால்கள் நிற்கவில்லை.

"போய் அடுப்பை அணைங்க!" என்று திரும்பிப் பார்த்துக் கத்திவிட்டு, நேராகத் தலைவர் வீட்டுக்குள் புகுந்து, அவர் நாற்காலியைச் சுற்றிச்சுற்றி ஓடியபடியே சேதி முழுவதையும் சொன்னாள். எழுந்து போக வழியில்லாததால், பிறந்து முதன்முறையாக அவர் ஒன்றை முழுசாகக் கேட்டார். அவள் நின்றாள், தலைவர் கிளம்பினார்.

இன்னமும் ஓடுகிறார். தெருவுக்கு இரண்டு வாக்கியம் வீதம் பேசிக்கொண்டே போவதால் ஊருக்கு அவரிடம் ஒரு குறையும் இல்லை. கடிகாரக் கடை திறந்தாயிற்று. சாப்பிட உட்கார்ந்ததும் கடிகாரக்காரர் அன்றைக்கு வந்த ஒரு பழைய கைக்கடிகாரத்தின் கதையை மெதுவாக, மிக மெதுவாகத் தொடங்குகிறார். மேஜைக்கடியில் அவள் பாதங்கள் பரபரக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றை அழுத்திக்கொண்டு, "உம், அப்புறம்?" என்கிறாள்.